காயல் கரையும் கழிவுநீரும்: நாம் மறந்த ஒரு வரலாறு



நாள்தோறும் ஐந்து வேளையும் உளூச் செய்கின்றோம். கைகளில் அள்ளும் நீர் தூயதுதானா என்று பார்க்கின்றோம். நிறம் மாறியிருந்தால் தயங்குகின்றோம்; வாடை வீசினால் வேறு நீர் தேடுகின்றோம். ஆனால் நம் முகத்தையும் கைகளையும் கால்களையும் கழுவிய பின் அந்நீர் எங்கே செல்கிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? பள்ளிவாசலின் பின்புறச் சுவரில் ஒரு துளை இருக்கும். அதற்கப்பால் ஒரு சாக்கடை இருக்கும். அதற்கும் அப்பால் என்ன இருக்கிறது என்பது நம் கவலைக்கு உட்பட்டதன்று என்றே இருந்து விடுகின்றோம்.

தூத்துக்குடியிலிருந்து பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் வழியாகத் தெற்கே நீளும் முத்துக்குளித்துறைக் கரையின் வரலாற்றைப் பேசும்போது, முத்தைப் பேசுகின்றோம். குதிரை வணிகத்தைப் பேசுகின்றோம். பள்ளிவாசல்களையும் இறைநேசர்களையும் பேசுகின்றோம். அக்கரையில் வாழ்ந்த மக்கள் பயன்படுத்திய நீரை என்ன செய்தார்கள் என்பதை எவரும் பேசுவதில்லை. ஆயினும், எத்தனை பேர் நலமாக வாழ்ந்தார்கள், எத்தனை பேர் நோயில் மாண்டார்கள் என்பதை அந்தக் கேள்வியே பெரிதும் தீர்மானித்திருக்கின்றது. அந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணலுக்கடியில் மிதந்த நன்னீர்

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடம் ஒரே இடமாக என்றும் நின்றதில்லை. சங்க காலத்தில் முத்துக்குப் பெயர் பெற்ற கொற்கை, ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடலை விட்டு விலகிற்று. அதன்பின் காயல் எழுந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, காயலைப் பெரிய சீர்மிகு நகரம் என்று குறித்தார். ஹுர்முஸ், கிஸ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளோடும் பிற சரக்குகளோடும் வரும் கப்பல்கள் அங்கே தங்கும் என்றும் எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கிஸ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டியனுக்கு அனுப்ப உடன்பட்டிருந்ததையும், அவருடைய சகோதரர் தகியுத்தீன் இக்கரையில் பொறுப்பு வகித்ததையும் பதிவு செய்துள்ளார். பின்னர் அந்தக் காயலும் வண்டலால் தூர்ந்து பழைய காயலாயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் ஆயர் கால்டுவெல் கொற்கையிலும் பழைய காயலிலும் ஆய்ந்து இவ்விடப்பெயர்ச்சியை விளக்கினார்.

இந்தச் செய்திகளைப் படிக்கும்போது ஓர் எளிய கணக்கை மனத்தில் இருத்துவது நன்று. ஒரு குதிரை நாளொன்றுக்கு முப்பது, நாற்பது லிட்டர் நீர் குடிக்கும். நூற்றுக்கணக்கான குதிரைகளும், அவற்றைக் கொண்டுவந்த மாலுமிகளும், வணிகரும், ஊர் மக்களும் ஒரே மணற்கரையில் நீர் பெற்றாக வேண்டும். கடல் அருகில் இருக்க, அந்நீர் எங்கிருந்து வந்தது?

விடை மணலுக்கடியில் இருக்கின்றது. கடற்கரை மணலில் பெய்யும் மழை கீழே இறங்கி, அங்கே ஊறியுள்ள உப்புநீரின்மீது மிதந்து நிற்கும். நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. ஆகவே இரண்டும் எளிதில் கலப்பதில்லை. கடல்மட்டத்திற்கு மேலே ஓரடி உயரம் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம்வரை அது உப்புநீரை அழுத்திப் பிடித்திருக்கும் என்பது நிலத்தடி நீரியல் கூறும் பொது விதி. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் தோண்டிய கிணற்றிலும் இனிய நீர் கிடைப்பதன் காரணம் இதுவே. ஆனால் அந்த நன்னீர்ப் படலம் மெல்லியது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலேறும். மேலிருந்து அழுக்கை ஊற்றினால் அதுவும் அதே படலத்தில்தான் சென்று சேரும். மணலுக்கு மறைக்கத் தெரியும். எல்லாவற்றையும் தூய்மைப்படுத்தத் தெரியாது. நம் முன்னோர் கிணறு தோண்டிய அதே மணலில் நாம் இன்று மலக்குழி தோண்டுகின்றோம் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஹவுளும் தோட்டமும்

காயல்பட்டினத்தில் பழமையான பள்ளிவாசல்களும் கல்வெட்டுகளும் உள்ளன. அங்குள்ள பள்ளி ஒன்று வேணாட்டு அரசன் உதய மார்த்தாண்டனின் பெயரால் உதய மார்த்தாண்டப் பெரும்பள்ளி என்று அழைக்கப்பட்டதையும், துறைமுக வருவாயில் ஒரு பங்கு அதற்கு அளிக்கப்பட்டதையும் கல்வெட்டு கூறுகின்றது. இத்தகைய பழம்பள்ளிகளின் முற்றத்தில் கிணறும் ஹவுளும் அமைவது மரபு. அந்த ஹவுள் வெறும் தொட்டியன்று. ஃபிக்ஹுச் சட்டங்கள் கல்லாலும் சுண்ணாம்பாலும் உருப்பெற்ற இடம் அது.

இக்கரையில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், நீரின் அளவு இரண்டு குல்லத்திற்குக் குறைவாக இருந்தால் நஜீஸ் பட்ட உடனேயே அது அசுத்தமாகிவிடும். இரண்டு குல்லமோ அதற்கு மேலோ இருந்தால், நிறம், சுவை, வாடை ஆகிய மூன்றில் ஒன்று மாறினாலன்றி அசுத்தமாகாது. நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஒன்றேகால் முழம் கொண்ட சதுரத் தொட்டி இரண்டு குல்லம் கொள்ளும். இன்றைய அளவில் சுமார் 200 லிட்டர். ஹவுளை அதைவிடப் பன்மடங்கு பெரிதாகக் கட்டியதன் காரணம் இதுதான்.

உளூவுக்குப் பயன்பட்ட நீரை முஸ்தஃமல் என்கின்றோம். அது தூயது, ஆனால் மீண்டும் தூய்மைப்படுத்தும் தகுதி அதற்கு இல்லை. ஆகவே அது ஹவுளுக்குள் திரும்பி விழாதவாறு விளிம்பில் ஓர் ஓடை அமைத்தார்கள். அவ்வோடை பல பள்ளிகளில் தென்னைக்கும் வாழைக்கும் சென்றது. தூய நீர் ஆதலால் மரத்திற்கு ஊற்றுவதில் தடை ஏதுமில்லை. இவ்வாறு, இன்று நூல்கள் விரித்துரைக்கும் நீர்ப் பிரிப்பு முறையை நம் பள்ளிகள் ஃபிக்ஹின் வாயிலாகவே கடைப்பிடித்தன. மலநீர் வேறு, கழுவுநீர் வேறு என்னும் பாகுபாடே கழிவுநீர் மேலாண்மையின் முதற்படியாகும்.

வீடுகளிலும் அப்படியே. எங்கள் உம்மம்மா பாத்திரம் கழுவும் இடத்தைக் கிணற்றடியில் வைக்கமாட்டார்கள். கொல்லையின் கடைசியில், தென்னைமரத்தின் தூரில்தான் வைப்பார்கள். சிறுவயதில் நான் ஒருமுறை கிணற்றின் சுற்றுச்சுவரையொட்டிக் கால் கழுவியதற்கு அவர்கள் கடிந்துகொண்டது இன்றும் நினைவிருக்கின்றது. நிலத்தடி நீரியலை அவர்கள் கற்றவர்களல்லர். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையும், மக்கள் நீரெடுக்கும் இடத்திலும் நடக்கும் வழியிலும் நிழலிலும் மலங்கழிப்பதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பதை மட்டும் அவர்கள் அறிந்திருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

சலாபத்தின் மறுபக்கம்

ஆனால் வரலாறு முழுவதும் இவ்வாறு அழகாகவே இருந்தது என்று சொன்னால் அது நேர்மையாகாது. இதே கரையில், இதே மக்கள் கூடிய முத்துச் சலாபம் வேறொரு பாடத்தைச் சொல்கின்றது.

சலாபம் ஆண்டுதோறும் நடப்பதன்று. முத்துப்பார்களில் சிப்பி முதிர்ந்திருப்பது தெரிந்தால்தான் அறிவிப்பு வெளியாகும். அறிவிப்பு வந்ததும், நேற்றுவரை ஆளில்லாத வெறும் மணலாக இருந்த இடத்தில் சில வாரங்களுக்குள் ஒரு நகரம் எழும். பரதவர், காயலிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வந்த முஸ்லிம் குளியாளர், மன்னார்க் கரை மக்கள், அரபு நாட்டுக் குளியாளர், வட்டிக்காரர், வணிகர், கடைக்காரர், சுறாவைக் கட்டும் மந்திரம் ஓதும் கடற்கட்டிகள் என அனைவரும் வந்து சேர்வர். நள்ளிரவுக்குப் பின் வீசும் நிலக்காற்றில் தோணிகள் புறப்படும். காலில் கல் கட்டி இறங்கும் குளியாளர் ஒரு நிமிடம்போல் மூச்சடக்கிச் சிப்பியைச் சேர்ப்பர். பிற்பகலில் கடற்காற்றோடு தோணிகள் திரும்பும்.

கரை சேர்ந்த சிப்பிகளைக் கொட்டு எனப்படும் வேலியிட்ட அடைப்புக்குள் குவித்து, பங்கு பிரித்து, அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவர். ஏலம் எடுத்தோர் சிப்பிகளை உடனே திறப்பதில்லை. வெயிலில் பல நாள்கள் அழுகவிடுவர். ஈக்கள் மொய்த்து, புழுக்கள் சதையைத் தின்று தீர்த்தபின், கடல்நீர் ஊற்றி அலசி, அடியில் தங்கும் கசண்டிலிருந்து முத்தைப் பிரிப்பர். அலசிய நீர் அங்கேயே மணலில் ஊறும்.

1905-இல் இலங்கையின் மறிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அத்தனையும் ஒரே கரையில் அழுகின. அடுத்த ஆண்டு அங்கே பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரியும் பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளருமான லெனார்ட் வுல்ஃப், அந்த நாற்றத்தையும் ஈக்களையும் தம் தன்வரலாற்றில் மறவாமல் பதிவு செய்துள்ளார்.

பல்லாயிரம் பேர் கூடிய இடத்தில் கழிப்பிடம் என்று இருந்தது பெரும்பாலும் திறந்த மணல்வெளியே. குடிநீரோ, ஆழமில்லாத கிணறுகளிலிருந்தும் அருகிலுள்ள குளங்களிலிருந்தும் வந்தது. இந்த இரண்டும் சந்திக்கும்போது காலரா வந்தது. இலண்டனில் ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் 1854-இல் காலரா குடிநீர் வழியே பரவுகின்றது என்பதை ஒரு தெருக்குழாயை வைத்து எடுத்துக்காட்டினார். 1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் அதன் கிருமியை உறுதிப்படுத்தினார். ஆனால் சலாபத்திற்கு வந்த எளிய மக்களுக்கு அந்த அறிவு எட்டவில்லை. முத்துச் சலாபங்களில் காலரா பலமுறை தலைகாட்டியது. நோய்க்கு அஞ்சிச் சலாபத்தைக் குறித்த நாளுக்கு முன்பே முடித்துக்கொண்டதும் உண்டு. கடலின் அடியில் மூச்சடக்கி உயிர்தப்பி மேலே வந்தவன், கரையில் ஒரு குவளை நீரால் மாண்டான் என்பதே அதன் பொருள்.

தூத்துக்குடியிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரை நோய் அச்சத்தால் தட்டப்பாறையில் தனிமைப்படுத்தி வைத்த முகாமும், பின்னர் மண்டபத்தில் எழுந்த முகாமும் இதே வரலாற்றின் தொடர்ச்சியே. கப்பலேறுமுன் ஏழைகளைத் தடுத்து வைத்துச் சோதித்தார்கள். அவர்கள் பிறந்த சிற்றூர்களின் நீரைச் சீர்செய்ய அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை.

பிறர் தலையில் ஏற்றிய தூய்மை

இனி, சொல்வதற்குக் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கக்கூஸ் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லும் சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. டச்சுக்காரர் 1658-இல் தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றினர். அவர்களுடைய கோட்டைகளும் கிடங்குகளும் மறைந்துபோயின. அந்தச் சொல் மட்டும் நம் நாவில் தங்கிவிட்டது. அச்சொல்லோடு எடுப்புக் கக்கூஸ் என்ற ஒன்றும் நம் தெருக்களில் நிலைத்தது. வீட்டின் பின்புறம் ஒரு சிறு திறப்பு இருக்கும். அதன் வழியே ஒருவர் வந்து, நம் கழிவைக் கையால் அள்ளி, தலையில் சுமந்து சென்றார். தலைமுறை தலைமுறையாகச் சாதியின் பெயரால் அத்தொழில் அவர்மீது சுமத்தப்பட்டது.

மனிதர் அனைவரும் ஆதமின் மக்கள் என்று ஓதிய வீடுகளிலும் அந்தத் திறப்பு இருந்தது. தூய்மையை ஈமானோடு இணைத்துப் பேசிய நாம், நம் தூய்மையின் சுமையை இன்னொரு மனிதரின் தலைமீது ஏற்றிவிட்டு, உளூச் செய்து தொழச் சென்றோம். அவர் வாசலுக்கு வந்தபோது பெயர் சொல்லி அழைத்தவர் எத்தனை பேர்? அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றியவர் எத்தனை பேர்? முன்னோரைப் பழிப்பதற்காக இதைக் கேட்கவில்லை. நம் தூய்மையின் கணக்கை நிறைவாக எழுதவேண்டும் என்பதற்காகவே கேட்கின்றேன்.

1993-இல் எடுப்புக் கழிப்பறைகளைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. 2013-இல் அதனினும் விரிவான சட்டம் வந்தது. பாதுகாப்புக் கருவிகளின்றி மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதும் அதன்படி குற்றம். ஆயினும் மலக்குழிகளில் நச்சுவாயு தாக்கி மனிதர் மாள்வது நின்றபாடில்லை. 2014-இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய இறப்புகளுக்குப் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. நம் வீட்டு மலக்குழியோ பள்ளிவாசலின் மலக்குழியோ நிரம்பும்போது, மிகக் குறைந்த கூலி கேட்பவரைத் தேடி அழைக்கின்றோமே, அந்த நேரத்தில் இச்சட்டம் மட்டுமன்று, மறுமையின் கேள்வியும் நம் வாசலில் நிற்கின்றது.

குழாய் வந்தது, வடிகால் வரவில்லை

தூத்துக்குடி நகரின் பெரும் குறை குடிநீர். துறைமுகமும் ஆலைகளும் வளர்ந்தபோதும் நகர மக்கள் நல்ல தண்ணீருக்குத் திண்டாடினர். நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாய் வழியே கொண்டுவரும் திட்டத்தை நிறைவேற்றினார். 1927-இல் நகருக்கு நீர் வந்தது. இன்றும் தூத்துக்குடி மக்கள் அவரை நன்றியோடு நினைவுகூர்கின்றனர். நீர் கொடுத்தவரை மக்கள் மறப்பதில்லை.

பின்வந்த பல பத்தாண்டுகளில் சுற்றிலுமுள்ள சிற்றூர்களுக்கும் ஆற்றுநீர் குழாயில் வந்தது. இது பெரும் அருள். ஆனால் ஒவ்வோர் அருளுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. கிணற்றில் இறைத்துச் சுமந்த காலத்தில், ஒவ்வொரு குடத்தின் எடையும் பெண்களின் இடுப்பு அறிந்திருந்தது. ஆகவே சிக்கனம் தானே வந்தது. குழாயைத் திறந்தால் நீர் கொட்டும் காலத்தில் அந்த எடை மறந்துபோயிற்று.

பொறியாளர்கள் ஒரு கணக்குச் சொல்வர்: ஊருக்குள் வரும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் என்று அளவு வைத்துள்ளது. 2,000 பேர் வாழும் ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். நாள்தோறும் 1,10,000 லிட்டர் உள்ளே வரும். 88,000 லிட்டர் வெளியே போகும். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் ஏழு லாரிகளுக்கு மேல். ஒவ்வொரு நாளும், விடுமுறையின்றி, ஏழு லாரிக் கழிவுநீர் அவ்வூரின் தெருவிலோ மணலிலோ கடலிலோ கொட்டப்படுகின்றது. நீரை உள்ளே கொண்டுவர ஊர் கூடி மனுக் கொடுத்தோம், போராடினோம். அது வெளியே போகும் வழியைப் பற்றி எத்தனை ஜமாஅத் கூட்டங்களில் பேசினோம்?

இதன் விளைவை மணல் சொல்கின்றது. வீடுகள் நெருங்கின. கொல்லைகள் சுருங்கின. தென்னை நின்ற இடத்தில் மலக்குழி வந்தது. பல இடங்களில் அடித்தளம் பூசப்படாத குழிகளையே கட்டினோம். குழி நிரம்பாமல் இருப்பதைக் கண்டு மகிழ்ந்தோம். நிரம்பாத குழி, நிலத்தடி நீரில் கலந்துகொண்டிருக்கும் குழி என்பதை எண்ணவில்லை. மணல் கிருமிகளில் ஒரு பகுதியை வடிகட்டக்கூடும். கழிவிலிருந்து உருவாகும் நைட்ரேட் உப்பை வடிகட்டாது. அதற்கு நிறமில்லை, வாடையில்லை. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்று இந்தியத் தரநிர்ணயம் கூறுகின்றது. அளவு மிஞ்சினால், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும், உடல் நீலம்பாரிக்கும். ஃபிக்ஹின் மூன்று அளவுகோல்களாலும் தூயதாகத் தோன்றும் கிணற்றுநீர், குழந்தையின் உடலுக்குத் தீங்காக இருக்கலாம். பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்னும் மார்க்கத்தின் பொதுவிதி இங்கேதான் நம்மைப் பிடிக்கின்றது. என் குழியின் ஊற்று அடுத்த வீட்டுக் கிணற்றுக்குச் செல்லுமாயின், நான் தொழும் தொழுகை அண்டை வீட்டாரின் உரிமையிலிருந்து என்னை விடுவிக்காது.

மார்க்கம் மூடாத கதவு

கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தலாமா என்று கேட்டால், நம்மில் பலர் முகம் சுளிப்போம். ஆனால் அறிஞர்கள் இக்கேள்வியை நெடுங்காலத்திற்கு முன்பே எதிர்கொண்டனர்.

இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் நூல் இக்கரை மத்ரஸாக்களுக்குப் புதியதன்று. அசுத்தத்தால் மாறுதலடைந்த பெருநீரின் மாறுதல், தானாகவோ வேறு நீர் சேர்ந்ததாலோ நீங்கிவிட்டால் அது மீண்டும் தூயதாகும் என்பது ஷாஃபிஈ சட்டம். ஆனால் கஸ்தூரியாலோ குங்குமப்பூவாலோ அந்த மாறுதல் தெரியாமல் போனால் அது தூய்மையாகாது. ஏனெனில் அது நீங்கவில்லை, மறைக்கப்பட்டது. எவ்வளவு நுட்பமான பாகுபாடு! சாக்கடைமீது வெண்பொடி தூவி வாடையை அடக்கிவிட்டுத் தூய்மை வந்துவிட்டதாகக் கருதும் நம் பழக்கத்திற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா?

1978-இல் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் பேரவை, வல்லுநர்களின் விளக்கத்தைக் கேட்டபின், கழிவுநீர் உரிய முறைகளால் முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்டு நிறம், சுவை, வாடை ஆகியவற்றில் அசுத்தத்தின் சுவடின்றி இயல்புக்குத் திரும்பினால், அதனால் உளூவும் குளிப்பும் நிறைவேறும் என்று தீர்ப்பளித்தது. உடல்நலத்துக்குத் தீங்கு நேராவிட்டால் குடிக்கவும் தடையில்லை. எனினும், நலம் கருதியும் மனம் ஏற்காததாலும் குடிப்பதைத் தவிர்ப்பது நன்று என்றும் கூறியது. சிங்கப்பூர் 2003 முதல் இவ்வாறு தூய்மைப்படுத்திய நீரைப் பயன்படுத்தி வருகின்றது. நம் உறவினர் பலர் அங்கே வாழ்கின்றனர். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் நாளொன்றுக்குத் தலா 45 மில்லியன் லிட்டர் கழிவுநீரை உயர்நிலைச் சுத்திகரிப்புச் செய்து ஆலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் உள்ளன.

சிற்றூருக்கு அத்தகைய பெரிய ஆலை வேண்டியதில்லை. மின்சாரம் ஏறத்தாழ வேண்டாத எளிய முறை ஒன்று உண்டு. முதலில் ஒரு மூடிய தொட்டியில் கழிவுநீரைத் தங்கவிட்டுக் கசடு அடியில் படியச் செய்வர். அடுத்து, தடுப்புச் சுவர்கள் கொண்ட அறைகளின் வழியே அதை ஏறியிறங்கச் செய்வர். காற்றில்லாத அவ்வறைகளில் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். பின்னர், அடியில் நீர் கசியாதவாறு பூசிய சரளைக்கல் படுகையில் கல்வாழையும் நாணலும் நட்டு, வேர்களின் ஊடே நீரைச் செலுத்துவர். இறுதியில் வெயிலும் காற்றும் படும் ஒரு குட்டையில் அது தங்கும். அந்நீர் மரங்களுக்குப் போதும்.

கழுவுநீர் மட்டுமாயின் இன்னும் எளிது. உறிஞ்சுகுழி ஒன்றே போதும் என்பர். ஆனால் நம் கரைக்கு ஓர் எச்சரிக்கை தேவை. நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் மணற்பாங்கில் உறிஞ்சுகுழி என்பது கிணற்றுக்குள் ஊற்றுவதற்கு ஒப்பாகும். குழியின் அடிக்கும் நீர்மட்டத்திற்கும் போதிய இடைவெளியும், கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடித் தொலைவும் இல்லாத இடங்களில், அடி பூசிய சரளைப் படுகையே தக்கது.

பள்ளிவாசலிலிருந்து தொடங்குவோம்

ஒரு பள்ளியில் நாள்தோறும் 400 உளூக்கள் நடப்பதாகக் கொள்வோம். திறந்த குழாயில் ஒருவர் ஐந்து லிட்டர் செலவழித்தால் 2,000 லிட்டர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்பது ஆதாரபூர்வமான செய்தி. கடலில் விளையும் முத்தன்று; இரு கை நிறையக் கொள்ளும் அளவையின் பெயர் அது. இன்றைய கணக்கில் முக்கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவு. அந்த அளவில் 400 உளூக்களுக்கு 300 லிட்டர் கூடத் தேவைப்படாது. அந்த அளவை நாம் எட்டமுடியாமற் போகலாம். பாதியளவேனும் குறைக்க முடியாதா? அதன்பின் எஞ்சும் நீரைச் சாக்கடைக்கு அனுப்பாமல், பழைய பள்ளிகள் செய்ததுபோல் தென்னைக்குத் திருப்ப முடியாதா? கழிப்பறைக் குழாயையும் உளூக் குழாயையும் ஒரே சாக்கடையில் இணைக்கும் புதிய கட்டடங்களில், தூயதாக இருந்த நீரை நாமே நஜீஸாக்குகின்றோம்.

பள்ளிவாசலுக்குக் கிணறு தோண்டிக் கொடுப்பது நிலையான தர்மம் என்று நாம் அறிவோம். ஹவுளுக்குப் பளிங்குக்கல் பதிக்கப் போட்டியிட்டுப் பொருள் தருவோர் நம்மிடையே உண்டு. அல்லாஹ் அவர்களுக்கு அருள்புரிவானாக. ஆனால் அந்த ஹவுளின் நீர் வெளியேறும் வழிக்கு ஒரு சரளைப் படுகை அமைத்துத் தருவதாகச் சொல்லி முன்வந்த ஒருவரை நான் இதுவரை கண்டதில்லை. நீரை வரவழைப்பது ஸதகா ஜாரியா என்றால், அந்நீர் எவருக்கும் தீங்கின்றிச் செல்ல வழிசெய்வதும் ஸதகா ஜாரியா அன்றோ? அதில் பெயர் பொறிக்க இடமிராது. யாரும் அங்கே நின்று பாராட்டவும் மாட்டார்கள். உளத்தூய்மைக்கு அதைவிட ஏற்ற இடம் எது?

அடுத்த முறை உளூச் செய்து எழும்போது, ஒரு கணம் நின்று, அந்நீர் செல்லும் வழியே பார்வையைச் செலுத்துங்கள். உங்கள் வீட்டு மலக்குழிக்கும் அண்டை வீட்டுக் கிணற்றுக்கும் இடையே எத்தனை அடி என்று அளந்து பாருங்கள். குழி நிரம்பினால் மனிதரை இறக்காமல் இயந்திர வண்டியை அழையுங்கள். கூலி மிகுதியானாலும் அதையே செய்யுங்கள். உங்கள் ஜமாஅத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள்.

முத்துப்பார்கள் இன்று வெறுமையாகிவிட்டன. 1961-இல் நடந்த சலாபத்திற்குப் பின் தூத்துக்குடிக் கரையில் சலாபம் நடக்கவில்லை. கடல் தந்த செல்வத்தை நம் தலைமுறை கண்ணால் கூடக் காணவில்லை. மணலுக்கடியில் இறைவன் மிதக்கவிட்டிருக்கும் அந்த மெல்லிய நன்னீர்ப் படலமாவது நம் பிள்ளைகளுக்கு எஞ்சட்டும். நீரை அருளிய வல்லவன், அதன் அமானிதத்தைப் பேணும் நற்பேற்றையும் நமக்கு அருள்வானாக. ஆமீன்.